படிக்கும் காலத்தில் நாலு காசு

(நமது அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





காசோலை வாங்க வந்த இடத்தில் நீண்ட பேச்சு யாருக்கும் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் இன்று நாம் கொடுக்கும் தொகை ஒரு பருவக் கட்டணத்துக்கே சரியாகப் போய்விடும். மிச்சமுள்ள மாதங்களை ஓட்டுவது எப்படி என்று யாராவது பேச வேண்டுமல்லவா? அதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

நேர்காணல் நடந்த நாட்களில் வந்த ஒவ்வொரு பிள்ளையிடமும் இரண்டு கேள்வி கேட்டேன். கைச்செலவுக்கு மாதம் எவ்வளவு ஆகிறது? அதை யார் தருகிறார்கள்? முதல் கேள்விக்குப் பெரும்பாலோரிடம் பதில் இல்லை. இரண்டாவது கேள்விக்கு எல்லோரும் யோசிக்காமல் சொன்னார்கள்: "உம்மா தருவாங்க."

நம் மேலப்பாளையத்தில் உம்மா தருகிறார்கள் என்றால் அது எங்கிருந்து வருகிறது என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பீடிக் கடையில் இலையும் தூளும் வாங்கி வந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் சுற்றிச் சேர்க்கும் காசு அது. ஆயிரம் பீடி சுற்றி முடிக்க ஒரு முழு நாள் போய்விடுகிறது. அந்தக் காசில்தான் நமது ரீசார்ஜும் பரோட்டாவும் பெட்ரோலும் ஓடுகிறது. இதைச் சொல்லி உங்களை வெட்கப்பட வைப்பது என் நோக்கமில்லை. படிக்கிற பிள்ளை முயன்றால் அந்தச் சுமையில் எவ்வளவைத் தானே தாங்க முடியும் என்று கணக்குப் பார்ப்பதுதான் நோக்கம்.

சம்பாதிப்பது என்றதும் எல்லோரும் வேலையைத் தேடுகிறார்கள். அதற்கு முன்பாக, உங்கள் பெயரில் வர வேண்டிய பணம் வந்து சேர்ந்ததா என்று பாருங்கள். நான் பார்த்தவரையில் நம் பகுதி மாணவர்கள் இழக்கும் பெரிய தொகை இதுதான்.

பீடித் தொழிலாளர் அடையாள அட்டை உள்ள தாயின் பிள்ளைக்கு மத்திய தொழிலாளர் நல அமைப்பின் கல்வி உதவித்தொகை உண்டு. சாதாரணப் பட்டப்படிப்பு, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. படிப்பவர்களுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய். பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புக்கு 25,000 ரூபாய். தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வருமான வரம்பு உண்டு. தாய் குறைந்தது ஆறு மாதமாவது தொழிலில் இருந்திருக்க வேண்டும். வீட்டில் மூன்று தலைமுறையாகப் பீடி சுற்றுகிறார்கள், ஆனால் இந்த உதவித்தொகையைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை என்று சொன்ன பிள்ளைகள் நேர்காணலில் இருந்தார்கள். சில வீடுகளில் உம்மா அடுத்த வீட்டுக்காரர் அட்டையில் சுற்றிக் கொடுக்கிறார்கள். சொந்தப் பெயரில் அட்டை இல்லை. அட்டை இல்லையென்றால் உதவித்தொகை மட்டுமல்ல, பி.எஃப். பணமும் அடுத்தவர் கணக்கில்தான் சேரும். தாய்மார்களே, இதை இன்றைக்கே கவனியுங்கள்.

அடுத்து மாநில அரசின் திட்டங்கள். 2022 முதல் பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண் திட்டம், 2024 முதல் ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில், அல்லது அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கே வரும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது நிற்காது. நம் ஊர்ப் பிள்ளைகளில் பலர் உதவிபெறும் பள்ளிகளில் படித்தவர்கள்தான். இதோடு பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின் உதவித்தொகையும் இருக்கிறது. நாம் பி.சி. முஸ்லிம் பட்டியலில் வருகிறோம். சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் நேரில் கேட்கலாம். கேட்பதற்குக் காசு இல்லை.

"விண்ணப்பித்தேன், பணம் வரவில்லை" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பெரும்பாலும் சிக்கல் வங்கிக் கணக்கில் இருக்கும். கணக்கோடு ஆதாரைக் கொடுத்திருப்பது ஒன்று. அரசின் பணம் வந்து இறங்க வேண்டிய கணக்காக அந்தக் கணக்கு பதிவாகியிருப்பது வேறு. வங்கியில் போய் "ஆதார் என்.பி.சி.ஐ. மேப்பிங் ஆகியிருக்கிறதா" என்று இதே சொற்களில் கேளுங்கள். பள்ளிக்கூடத்தில் திறந்த கணக்கை இரண்டு ஆண்டு தொடாமல் விட்டிருந்தால் அது செயல்படாத கணக்காகிவிடும். அதையும் உயிர்ப்பிக்க வேண்டும். இன்னொன்று, கணினி மையத்தில் விண்ணப்பம் அனுப்பியதோடு வேலை முடிவதில்லை. கல்லூரி அலுவலகம் அதைச் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். அங்கே தூங்கிச் செத்த விண்ணப்பங்கள் ஏராளம். கடைசித் தேதிக்கு முன்பே இரண்டு முறை போய்க் கேளுங்கள். தொந்தரவு செய்கிறோமே என்று நினைக்க வேண்டாம், அது உங்கள் பணம்.

இனி செலவுப் பக்கம் கொஞ்சம். அதிகம் பேச மாட்டேன், வாலிபர்களுக்கு அறிவுரை கசக்கும்.

ஒரு மாதம், ஒரே ஒரு மாதம், தேநீர் உட்பட எல்லாச் செலவையும் எழுதிப் பாருங்கள். கைபேசியில் பணம் அனுப்பும் செயலியிலேயே பாதிக் கணக்கு தானாக இருக்கிறது. அதைக் கூட்டிப் பார்த்த ஒரு தம்பி, கல்லூரிக்கு எதிரே உள்ள கடைக்கு மட்டும் 1,400 ரூபாய் போயிருக்கிறது என்று என்னிடம் வந்து சொன்னார். அதற்குப் பிறகு நான் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவைப்படவில்லை.

பயணச் செலவு: அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இலவசப் பேருந்து அட்டை இருக்கிறது, சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. ரயிலில் போகிறவர்களுக்கு சீசன் டிக்கெட்டில் மாணவர் சலுகை உண்டு. இவ்வளவு இருந்தும் மூன்று கிலோமீட்டர் தூரக் கல்லூரிக்குத் தவணையில் பைக் எடுக்கிறோம்.

தவணை என்றதும் கைபேசி ஞாபகம் வருகிறது. "வட்டியில்லாத் தவணை" என்று கடையில் எழுதிப் போட்டிருப்பான். பெரும்பாலான இடங்களில் நடப்பது என்னவென்றால், வங்கி வட்டி போடுகிறது; அந்த வட்டி அளவுக்கு விற்பவர் விலையில் தள்ளுபடி காட்டுகிறார். ரொக்கம் கொடுத்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடி உங்களுக்குக் கிடைக்காது. வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உங்கள் தலையில் விழும், செயலாக்கக் கட்டணம் தனி. காகிதத்தில் அது வட்டிக் கடன்தான். மார்க்கச் சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கணக்கை மட்டும் சொல்கிறேன். 18,000 ரூபாய் கைபேசிக்கு மாதம் 1,500 ரூபாய் தவணை என்றால், அந்த 1,500 ரூபாய்க்கு எத்தனை நாள் பீடி சுற்ற வேண்டும் என்று இன்று இரவு உம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

இப்போது சம்பாத்தியத்துக்கு வருகிறேன்.

மக்காவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு மதீனா வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, அன்சாரித் தோழர் ஸஅத் பின் ரபீஃ (ரலி) தன் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்ததும், அவர்கள் அதை வாங்காமல் கடைத்தெரு எங்கே என்று கேட்டதும் நீங்கள் மக்தபில் படித்ததுதான். பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது: முதல் நாள் அவர்கள் விற்றது பாலாடைக் கட்டியும் நெய்யும். பெரிய வியாபாரம் ஒன்றும் இல்லை. அந்த ஊர் மக்கள் தினமும் வாங்குகிற பொருள். மாணவர்களுக்கும் நான் சொல்வது அதுதான். உங்கள் தெருவில், உங்களைத் தெரிந்த வீடுகளுக்கு, இன்றைக்கு எது தேவையோ அதைச் செய்து கொடுங்கள்.

நம் தெருக்களில் இன்று எல்லா வீட்டுக்கும் தேவைப்படுவது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர ஓர் ஆள். நான்காம் வகுப்புப் பிள்ளைக்குக் கழித்தல் கணக்கில் கடன் வாங்கத் தெரியவில்லை; ஏழாம் வகுப்பில் ஆங்கிலம் எழுத்துக்கூட்டத் தெரியவில்லை. தாய்க்குச் சொல்லிக் கொடுக்க நேரமில்லை. தகப்பன் சவூதியில். கணிதம் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு சகோதரி தன் வீட்டுத் திண்ணையில் ஆறு பிள்ளைகளை வைத்துத் தொடங்கினார். தலைக்கு 400 ரூபாய், மாதம் 2,400. அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்தால் மக்ரிப் பாங்குக்குப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இதை மணிக்கணக்கில் வகுத்தால் மணிக்கு அறுபது ரூபாய்கூட வராது. அதே நேரத்தில் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போகும் பையன் ஒரு இரவுக்கு 500 ரூபாய் வாங்குகிறான். மேலோட்டமாகப் பார்த்தால் பந்திதான் லாபம்.

ஆனால் பந்தி வேலை முடிந்து பாத்திரம் ஏற்றி வீட்டுக்கு வர நள்ளிரவு ஆகும். மறுநாள் முதல் வகுப்பு போச்சு, பஜ்ரும் போச்சு. வேலையும் முகூர்த்த மாதத்தில்தான் இருக்கும். டியூஷன் எடுப்பவருக்கு வருமானம் மாதம் தவறாது. அதைவிடப் பெரிய லாபம் வேறு ஒன்று: சொல்லிக் கொடுக்கும்போது தன் அடிப்படை உறுதியாகிறது. நாளை பி.எட். போனாலும், போட்டித் தேர்வு எழுதினாலும், ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பாடம்தானே கேட்கப்படுகிறது! அந்தச் சகோதரி எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தே தேர்வாணையப் பாடத்தில் பாதியைத் திருப்பிப் படித்துவிட்டேன் என்கிறார்.

டியூஷன் தொடங்குபவர்களுக்கு இரண்டு யோசனை. எல்லா வகுப்பையும் எடுக்காதீர்கள். "நான்காம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரை, கணக்கு மட்டும்" என்று சொல்லுங்கள், நன்றாக வரும். கட்டணத்தை மாதத்தின் முதல் வாரத்தில் வாங்குங்கள். சொந்தக்காரர் பிள்ளை என்று இலவசமாக எடுக்க ஆரம்பித்தால் தெரு முழுவதும் சொந்தக்காரர்களாகிவிடுவார்கள். உண்மையில் இயலாத வீடு என்றால் விட்டுக்கொடுங்கள், அது ஸதகா. அதை நீங்கள் முடிவு செய்யுங்கள், அவர்கள் முடிவு செய்ய விடாதீர்கள்.

வணிகவியல் படிப்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. நம் பஜாரில் உள்ள கடைகளில் பில் புத்தகம் ஒரு பக்கம், கைபேசியில் வந்த பணம் ஒரு பக்கம், கொடுக்கல் வாங்கல் முதலாளியின் மனதில் ஒரு பக்கம். வாரத்தில் இரண்டு மாலை உட்கார்ந்து அதை டேலியில் ஏற்றிக் கொடுத்தால், ஆடிட்டருக்கும் சுலபம், கடைக்காரருக்கும் ஜகாத் கணக்குப் பார்க்க வசதி. இரண்டு கடை பிடித்தால் போதும். படித்து முடித்து வேலைக்குப் போகும்போது "அனுபவம் உண்டா" என்ற கேள்விக்குப் பதிலும் கையில் இருக்கும்.

தமிழில் வேகமாகத் தட்டச்சு செய்யத் தெரிந்தவருக்கு இன்னும் வேலை இருக்கிறது. அரபுக் கல்லூரிப் பட்டமளிப்பு மலர், கல்யாணப் பத்திரிகை, மனு, வாடகை ஒப்பந்தம் என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். தமிழ்99 விசைப்பலகையை ஒரு மாதத்தில் பழகிவிடலாம். அரபி எழுத்தும் அடிக்கத் தெரிந்தால் அச்சகத்தார் உங்களைத் தேடி வருவார்கள்; நம் அறக்கட்டளையின் இதழுக்கே அப்படி ஒருவர் கிடைக்காமல் திண்டாடுகிறோம். ஆரி வேலை, மருதாணி என்று பெண் பிள்ளைகள் செய்வதைப் பற்றி நான் அதிகம் பேசத் தகுதியில்லை, அவர்களுக்கே என்னைவிட நன்றாகத் தெரியும். ஒன்று மட்டும்: நூல், கல், கோன் வாங்கிய செலவைக் கழித்துவிட்டு லாபம் எவ்வளவு என்று பாருங்கள். பிளவுஸுக்கு 1,500 வாங்கினேன் என்று சந்தோஷப்படுகிறவர், ஐந்து நாள் உட்கார்ந்ததைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

உணவு விநியோக வேலைக்கு பைக்கில் போகும் தம்பிகளுக்கு: அது ஹலாலான உழைப்பு, குறை சொல்லவில்லை. ஆனால் பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. டயரும் ஆயிலும் தேய்வதும் உங்கள் பணம்தான். மழையில், இரவில், நேரக் கெடுவோடு ஓட்டுகிறீர்கள். ஓட்டுநர் உரிமமும் வண்டிக் காப்பீடும் இல்லாமல் ஒருவரும் இதில் இறங்க வேண்டாம். விடுமுறையில் செய்யுங்கள், கல்லூரி நாட்களில் வேண்டாம் என்பது என் கருத்து. தினமும் கையில் காசு புழங்க ஆரம்பித்ததும் வகுப்புக்குப் போவதை நிறுத்தி, மூன்றாம் ஆண்டில் ஏழு அரியரோடு நிற்கும் பிள்ளைகளை நம் தெருவிலேயே காட்டுவேன். ஓர் அரியர் என்றால் மறுதேர்வுக் கட்டணம் மட்டும் நஷ்டமல்ல. வளாக நேர்காணலுக்கு வரும் பல நிறுவனங்கள் அரியர் இருந்தால் உள்ளேயே விடுவதில்லை. மாதம் நாலாயிரம் சம்பாதித்து முதல் வேலையை இழப்பது நல்ல வியாபாரமா?

இந்த இடத்தில் பெரியவர்களிடம் ஒரு முறையீடு. பிள்ளைகள் உழைக்கத் தயார். நாம் கூலி கொடுக்கத் தயாரா? "தம்பி, இதைக் கொஞ்சம் டைப் பண்ணிக் கொடு", "பாப்பா, இந்த ஃபாரத்தை ஆன்லைன்ல போட்டுக் கொடு", "மாப்பிள்ளை, கடைக்கு ஒரு போஸ்டர் டிசைன் பண்ணு" என்று வேலை வாங்குகிறோம். வெளியே கொடுத்தால் 300 ரூபாய் ஆகும் வேலைக்கு ஒரு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். உழைத்தவரின் வியர்வை காய்வதற்குள் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. மாணவனுக்கு ரமலானில் ஜகாத் கொடுக்கும் அதே முதலாளி, அவனுக்கு முஹர்ரத்தில் ஒரு வேலை கொடுத்து, பேசிய கூலியைத் தேதி தவறாமல் கொடுத்தால், அடுத்த ரமலானில் அவன் நம் வாசலுக்கு வரத் தேவையிருக்காது. கூலியை முதலிலேயே பேசுங்கள். பிள்ளைகளும் வாய் திறந்து கேளுங்கள், அது மரியாதைக் குறைவு இல்லை.

அடுத்துப் பேசப்போவதை எல்லோரும் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். இன்றைக்கு இந்தத் தலைப்பை நான் எடுத்ததற்கே இதுதான் காரணம்.

நம் மாவட்டத்து மாணவர் ஒருவர். பெயரும் ஊரும் கல்லூரியும் வேண்டாம். இரண்டாம் ஆண்டு படிக்கும்போது பழக்கமான ஒரு சீனியர், "உன் பேங்க் அக்கவுண்ட்டைக் கொஞ்ச நாள் கொடு, நம்ம கம்பெனிப் பணம் வந்து போகும், உனக்கு 5,000 ரூபாய்" என்றார். இவர் பாஸ்புக், ஏ.டி.எம். அட்டை, அந்தக் கணக்கோடு இணைந்த சிம், எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார். ஒரு வேலையும் செய்யவில்லை, சொன்னபடி 5,000 வந்தது. இரண்டு மாதம் கழித்துக் கணக்கு முடக்கப்பட்டது. பிறகு வேறு மாநிலக் காவல்துறையிலிருந்து அழைப்பாணை. எங்கோ ஏமாற்றப்பட்ட யாரோ ஒருவருடைய பணம் இவர் பெயரிலுள்ள கணக்கு வழியாகப் போயிருக்கிறது. "எனக்கு ஒன்றும் தெரியாது" என்றால், கணக்கு உன்னுடையது, கையெழுத்து உன்னுடையது, சிம் உன்னுடையது, கமிஷன் வாங்கியதும் நீ. அந்த 5,000 ரூபாய்க்கு வக்கீல் செலவு, ரயில் செலவு என்று வீட்டிலிருந்த நகை போனது. அவருடைய அரசு உதவித்தொகையும் அதே கணக்கில் சிக்கிக்கொண்டது. எல்லாவற்றையும் விட, வளைகுடாவுக்குப் போவதே அந்தக் குடும்பத்தின் திட்டம். குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் எடுப்பது எவ்வளவு பெரிய பாடு என்று இங்கிருக்கும் பயண முகவர்களைக் கேளுங்கள். அந்தத் தம்பி கெட்டவர் இல்லை. உம்மாவிடம் கேட்கக் கூடாது என்று நினைத்து அந்தக் காசுக்குக் கை நீட்டியவர். அதனால்தான் எனக்கு மனது ஆறவில்லை.

மாணவர்களே, வங்கிக் கணக்கு, சிம் கார்டு, ஆதார், ஓ.டி.பி. ஆகியவற்றை வாடகைக்கு விடுவது என்ற தொழிலே கிடையாது. நண்பன் கேட்டாலும், சொந்தக்காரர் கேட்டாலும், சங்கத்துப் பெரியவர் கேட்டாலும், இல்லை என்று சொல்லுங்கள். ஏற்கனவே கொடுத்திருந்தால் நாளைக்கே வங்கிக்குப் போய் எழுதிக் கொடுத்து நிறுத்துங்கள். பயமாக இருந்தால் எங்களிடம் வாருங்கள், திட்ட மாட்டோம், வழக்கறிஞரிடம் கூட்டிப்போவோம்.

இன்னொரு வகை டெலிகிராமில் வருகிறது. வீடியோவுக்கு லைக் போடு, ஹோட்டலுக்கு ரேட்டிங் போடு, 150 ரூபாய் தருகிறோம் என்பார்கள். முதல் நாள் நிஜமாகவே 150 தருவார்கள். பிறகு "1,000 கட்டினால் 1,300" என்பார்கள், அதையும் தருவார்கள். அதற்குப் பிறகு கட்டச் சொல்லும் பெரிய தொகை திரும்ப வராது. வேலை கொடுப்பவன் உங்களிடம் பணம் கேட்டான் என்றால் அது வேலையில்லை. பணம் போய்விட்டால் அழுதுகொண்டிருக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு இருக்கிறது. உடனடிக் கடன் தரும் செயலிகளும் இதே ரகம்தான். கைபேசியில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் எடுத்துக்கொண்டு, பிறகு மானத்தை விலைபேசுவார்கள்.

சிலர் பங்குச் சந்தையில் ஆப்ஷன் வியாபாரம் பார்க்கிறேன் என்கிறார்கள். கல்லூரி விடுதிகளில் இது பரவியிருக்கிறது. இதை மார்க்கம் அனுமதிக்கவில்லை என்பது பெரும்பாலான ஆலிம்களின் கருத்து. அது போதாது என்பவர்களுக்கு, சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பே 2024-இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது: மூன்று நிதியாண்டுகளில் இந்த வகை வியாபாரத்தில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். சராசரி நஷ்டம் தலைக்குச் சுமார் 2 லட்சம். யூடியூபில் கார் முன்னால் நின்று பேசுபவர் இந்த எண்ணைச் சொல்ல மாட்டார்.

சேமிப்பைப் பற்றிச் சுருக்கமாக முடிக்கிறேன், நேரமாகிறது.

குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு எல்லா வங்கியிலும் உண்டு; கேட்டு வாங்குங்கள். செலவுக்கு ஒரு கணக்கு, சேமிப்புக்கு இன்னொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சேமிப்புக் கணக்கைக் கைபேசிச் செயலியோடு இணைக்காதீர்கள். எடுக்க வேண்டுமென்றால் வங்கி வரை நடக்க வேண்டும், அந்த நடையில் பாதி ஆசை தீர்ந்துவிடும். கணக்கில் விழும் வட்டியைத் தனியாகக் கணக்கிட்டு, நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடும்படி ஆலிம்கள் சொல்கிறார்கள்.

நம் பெண்கள் காலங்காலமாக நடத்தும் குலுக்கல் சீட்டு இருக்கிறதே, அதை நான் மாணவர்களுக்கும் சொல்வேன். பத்துத் தோழர்கள், மாதம் தலைக்கு 500, மாதம் ஒருவருக்கு 5,000. தள்ளு இல்லை, ஏலம் இல்லை, வட்டி இல்லை. முதலில் யாருக்கு என்று குலுக்கிப் பாருங்கள். தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டியவர் இருந்தால் விட்டுக்கொடுங்கள். பத்துப் பேரும் ஒருவருக்கொருவர் வீடு தெரிந்தவர்களாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஏலச்சீட்டு, அதிலும் பதிவில்லாத சீட்டு, வேண்டாம். அதிக லாபம் தருவதாகச் சொல்லும் நிதி நிறுவனங்களை நம் தென்மாவட்டங்கள் எத்தனை பார்த்துவிட்டன!

பெற்றோர்களுக்கு ஒன்றே ஒன்று. மகன் சம்பாதித்து வந்தால், "எவ்வளவு" என்று கேட்பதற்கு முன் "எங்கிருந்து" என்று கேளுங்கள். வேலையே செய்யாத மகன் கையில் திடீரென்று பணம் புழங்கினால் சந்தோஷப்படாதீர்கள். அவன் நேர்மையாகச் சம்பாதித்த 2,000 ரூபாயை மொத்தமாக வாங்கி வீட்டுச் செலவில் போடவும் வேண்டாம். பாதியை அவன் பெயரில் விட்டு வையுங்கள். இல்லையென்றால் அடுத்த மாதம் உங்களிடம் சொல்லாமலே சம்பாதிப்பான். மகளின் டியூஷன் பணத்துக்கும் இதே கணக்குத்தான். அதைக் கல்யாணத்துக்கு என்று எடுத்து வைப்பதற்கு முன் அவளுடைய மேற்படிப்புக்கு வேண்டுமா என்று அவளிடம் கேளுங்கள்.

நம் அலுவலகத்தில் வரும் ஞாயிறு முதல் வாரந்தோறும் அஸர் தொழுகைக்குப் பிறகு இரண்டு பேர் இருப்பார்கள். உதவித்தொகை விண்ணப்பம் போடத் தெரியாதவர்கள், போட்டுப் பணம் வராதவர்கள், பீடி அட்டை இல்லாத தாய்மார்கள், ஆதார் அட்டை, பாஸ்புக், சான்றிதழ்களோடு வாருங்கள். மடிக்கணினி, தையல் இயந்திரம் போன்ற வருமானக் கருவி வாங்க வட்டியில்லாக் கடனும் தருகிறோம்; கைபேசிக்குத் தர மாட்டோம், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பஜாரில் கணக்கு எழுதவோ, தட்டச்சுக்கோ, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவோ ஆள் தேவைப்படுபவர்கள், என்ன வேலை, எத்தனை மணி நேரம், எவ்வளவு கூலி என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி அலுவலகத்தில் கொடுங்கள். கூலி எழுதாத தாளை ஒட்ட மாட்டோம். வாசலில் உள்ள பலகையில் ஒட்டி வைப்போம், இன்ஷா அல்லாஹ். இப்போதே இரண்டு கடைக்காரர்கள் கை உயர்த்துவதைப் பார்க்கிறேன். கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.

இனி பெயர்கள் வாசிக்கப்படும். மாணவிகள் தாயாருடன் இடப்பக்கப் படி வழியாக வாருங்கள். காசோலையில் உங்கள் பெயர் வங்கிக் கணக்கில் உள்ளபடியே இருக்கிறதா என்று இங்கேயே பார்த்துவிட்டு இறங்குங்கள். வஸ்ஸலாம்.